ஜெயசீலன் அன்று குடித்திருக்கவில்லை

ஒரு மனிதர் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது அவருடைய குரல் உடையும்படி நான் செய்தேன். குடித்துவிட்டுப் பாடியதால்தான் உடைந்தது என்று பிறகு எல்லோரும் பேசினார்கள். அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை. சுமார் இருபது வருஷம் திறக்கவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை என் கல்லூரி நாட்களையும், ஆங்கிலப் பாடம் நடத்திய கதைகளையும் எழுதிவந்தேன். "எவ்வளவு நல்ல மனுஷர் நீங்கள்" என்று சில வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அதைப் படிக்கப் படிக்க எனக்குக் களைப்புதான் வந்தது. ஆகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றவில்லை. மாற்றட்டுமா என்று ஜெயசீலனைக் கேட்டேன். "கெட்டது எம்பேருதான சார்? அதே பேரப் போட்டே எழுதுங்க" என்றார்.

பொத்தான்

திருப்பதியில் வாடகைக்கு எடுத்த ஒரு கல்யாண மண்டபம். ஈஸ்டர் கழிந்து இரண்டொரு வாரம் ஆகியிருக்கும். முந்தின நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. மேடைத் தூண்களில் வாழைநார் கட்டியபடியே கிடந்தது. பிற்பகல் வெயிலில் மின்விசிறிகள் சூடான காற்றைத்தான் வீசின.

சித்தூரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எங்கள் பழைய மிஷன் சபைகளின் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் நடத்தும் இசைக் கூட்டம் அது. அந்த வருஷத்தின் விசேஷம், இத்தாலிய ஆபெரா ஒன்றிலிருந்து இரண்டு ஆண்கள் சேர்ந்து பாடும் பாட்டு.

சுகுமார் திருப்பதியில் வங்கி அதிகாரி. அவர் டெனர். ஆண் குரலில் உயரே ஏறும் குரல் அது. ஜெயசீலன் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வெல்டிங் சூப்பர்வைசர். அவர் பாரிட்டோன். நடுவாந்தரக் குரல், அடியில் நல்ல கனம். நான் கீபோர்டு.

அந்தக் கீபோர்டில், இப்போது எல்லாக் கீபோர்டிலும் இருப்பதுபோல, சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. விரல்கள் பழகிய இடத்திலேயே வாசிக்கலாம். பொத்தானை அமுக்கிவைத்தால் ஒலி மட்டும் கீழேயோ மேலேயோ வரும். முதல் ஒத்திகைக்குப் பிறகு எல்லா ஒத்திகையிலும் ஒரு கட்டை இறக்கித்தான் வாசித்தோம். ஜெயசீலனுக்காக இறக்கியது. அவருக்கு உச்சத்தில் ஒரே ஓரிடம் எட்டவில்லை.

அறிவிப்பாளர் பெயர்களைச் சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் நான் அந்தப் பொத்தானை அமுக்கி, இறக்கியிருந்ததைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டேன்.

கை தவறிப் பட்டதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

டெனர் கட்சியும் பாரிட்டோன் கட்சியும்

சித்தூரில் ஆபெராவா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

வெள்ளைக்கார மிஷனரிகள் ஊரைவிட்டுப் போனபோது பங்களாவில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை விட்டுப்போனார்கள். பல் டாக்டர் ஞானராஜின் அப்பா, சாய்வு நாற்காலிகளோடு சேர்த்து அந்தப் பெட்டியையும் வாங்கிவந்தார். டாக்டர் அந்த நாற்காலியில் படுத்தபடி அந்தத் தட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர். பிறகு எங்களையும் கெடுத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, நாலைந்து பேர் மாடியில் இருந்த அவர் கிளினிக்கின் முன்னறையில் கூடுவோம். கிராம்பு எண்ணெய் வாசனையும், ஜூன் மாதமானால் மாம்பழக் கூழ் ஆலைகளிலிருந்து வரும் புளித்த இனிப்பு வாசனையும் கலந்திருக்கும். தட்டு சுழலும்போது யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் ஓட்டு. பாடியவர்களில் யார் வென்றார்? தோற்ற கட்சி அடுத்த வாரம் முட்டை போண்டா வாங்கிவர வேண்டும்.

எங்களில் ஒருவருக்கும் இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் சண்டைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

டெனர் கட்சிக்கு எஸ்தர் டீச்சர் தலைவி. கணக்கு டீச்சர், வாய் கத்தி. "டெனர் பாடினா வானம் தெரியுது. பாரிட்டோன் பாடினா மாட்டுக் கொட்டாய்தான் தெரியுது" என்பார்.

"மாட்டுக் கொட்டாய்லதான் டீச்சரம்மா கர்த்தரே பொறந்தாரு" என்பார் டாக்டர். அவர் பாரிட்டோன் கட்சி.

"பொறந்தது அங்க. தேவதூதர்கள் பாடினது எங்க? மேல. வானத்துல. டெனர்ல."

நான் டெனர் கட்சி. எங்களுக்குள் நான்தான் படித்தவன், இசை பற்றிய புத்தகங்கள் வைத்திருந்தவன் என்ற மிதப்பு எனக்கு உண்டு. பாடல் எழுதியவர் எந்தச் சுருதியில் எழுதினாரோ அதில் பாடுவதுதான் நேர்மை, இறக்குவது ஏமாற்று என்று பல ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்திருக்கிறேன். போண்டாவை மென்றுகொண்டே கேட்பார்கள்.

ஒரு கட்டை

ஜெயசீலன் எங்கள் ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறவர் இல்லை. சித்தூர் சபையில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்காக ரேணிகுண்டா போனபிறகும், பாடகர் குழுவுக்காகவே வாராவாரம் ஸ்கூட்டரில் மனைவி ரூத்தை உட்காரவைத்துக்கொண்டு சித்தூர் வருவார். சனிக்கிழமை ஒத்திகை, ஞாயிறு ஆராதனை. டிபன் பாக்ஸைத் திறந்து வேப்பமரத்தடியில் இருவரும் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாடுவதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இசைக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, முதல் ஒத்திகையில் அவர்தான் கேட்டார்.

"சார், மேல அந்த ஒரு எடம்தான் இடிக்குது. மத்ததெல்லாம் போய்க்கினே இருக்கு. ஒரு கட்டை எறக்கிக்கினா நிம்மதியா பாடுவேன்."

நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். எழுதியவரின் நோக்கம், சுருதியின் நிறம், அது இது. ஜெயசீலன் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"சார் புஸ்தகத்துல கீற பாட்ட வாசிக்கிறாரு. எங்க தொண்டையில இன்னா கீதுன்னு அந்த புஸ்தகத்துல போட்ருக்கா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். கிண்டல்கூட இல்லை, வெறும் வெள்ளந்தியான பேச்சு. பாடகர் குழு முழுதும் சிரித்தது. எஸ்தர் டீச்சரும் சிரித்தார். சுகுமார், "எறக்கிடலாம் சார், எனக்கு இன்னா நஷ்டம்?" என்றார். நானும் சிரித்தபடி, "சரி, இறக்கிவிடுவோம்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கு வந்தது. கல்லூரியில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

பொத்தானை அமுக்கியபோது, இசைக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன்.

அந்த ஓரிடம்

சுகுமார் முதலில் பாடினார். ஒரு கட்டை ஏறியதும் அவர் குரல் மின்னியது. மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஜெயசீலன் சேர்ந்துகொண்டார். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் புரிந்தது, என்ன என்று புரியவில்லை. சிலருக்குத்தான் எந்த ஒலி எந்தச் சுருதி என்று பிறவியிலேயே காது சொல்லும். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் அந்தக் காது இல்லை. காதைப் பற்றியே வாழ்நாள் எல்லாம் சண்டை போட்டவர்கள் நாங்கள்.

அவர் கழுத்து நரம்பு தெரிந்தது. ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

அந்த இடம் வந்தது. குரல் ஏறியது, நின்றது, உடைந்தது. உடைந்ததும் அவர் பக்கத்திலிருந்த மைக் கம்பியைப் பிடித்தார். கம்பி ஆடியது, அவரும் ஆடினார். முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. மீதிப் பாட்டை அவர் வாய்க்குள்ளேயே பாடி முடித்தார்.

கைதட்டல் சுகுமாருக்கு வந்தது. ஜெயசீலன் மேடையின் பக்கப்படியில் இறங்கி ரூத்தைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ரேணிகுண்டாவுக்குப் போய்விட்டார்.

வேனில்

நாங்கள் சித்தூருக்கு வேனில் திரும்பினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திருப்பதி தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"சுகுமார் கொன்னுட்டான். ஓட்டே வேணாம்" என்றார் எஸ்தர் டீச்சர்.

"ஒருத்தன் விழுந்துட்டான்னா இன்னொருத்தன் ஜெயிச்சான்னு அர்த்தமா? அந்த நடுப்பகுதில ஜெயசீலன் புடிச்ச புடி இருக்கே, அத்த கேட்டீங்களா இல்லையா?" என்றார் டாக்டர்.

"நடுப்பகுதி யாருக்கு வேணும் டாக்டர்? கணக்குல வழிக்கு மார்க் போடுவேன். பாட்டுல விடைதான்."

"ஏதோ நடந்துருக்கு. ஒத்திகைல அந்த எடத்துல அவன் தடுக்குனதே இல்ல." டாக்டர் முன்சீட்டிலிருந்து என் பக்கம் திரும்பினார். "சார், ஒரு கட்டை எறக்கித்தான வாசிச்சீங்க?"

புத்தலப்பட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் நிலக்கடலை வறுக்கும் வாசனை ஜன்னல் வழியே வந்தது. பொய் சொல்ல எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

"ஆமாம்" என்றேன்.

"எறக்கிக் குடுத்தும் பாட முடியலையா!" என்றார் எஸ்தர் டீச்சர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவன் கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. கம்பியப் புடிச்சிக்கினு ஆடினான். எனக்கென்னவோ..."

டாக்டர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்சீட்டில் யாரோ, "அய்யோ பாவம், ரூத்து" என்றார்கள். விஷயம் அங்கேயே முடிவாகிவிட்டது.

வெல்டிங் செய்கிறவர்களுக்குக் கண் சிவந்துதான் இருக்கும். ஜெயசீலனுக்குத் தினமும் சிவந்துதான் இருந்தது. அது அந்த வேனில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சுருதி இறக்கியிருந்தும் குரல் உடைந்தது என்றால் அதற்கொரு காரணம் வேண்டும் அல்லவா? அந்தக் காரணத்தைத் தேடும் வேலையை அவர்களுக்குக் கொடுத்தவன் நான்.

எங்கள் சபைகளில் குடி என்பது சின்னச் சொல் இல்லை. எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவர் ஜெயசீலனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். "குடிக்கல ஐயரே" என்றாராம். குடிக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்றார்கள். கொஞ்ச காலம் பாடகர் குழுவில் நிற்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அவர் அதன்பின் சித்தூர் பக்கமே வரவில்லை.

நான் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை.

சிரிக்கும் முகங்கள்

சென்ற வருஷம் எங்கள் பழைய இசைக் கூட்டத்துக்கு வாட்ஸப்பில் ஒரு குழு உருவானது. டாக்டருக்கும் எஸ்தர் டீச்சருக்கும் எனக்கும் வயதாகிவிட்டது, கிளினிக் மாடியேற முடியாது. ஆகவே போனிலேயே சண்டை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சபைப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்திருந்தார்கள்.

ஒருநாள் அதில் ஒரு வீடியோ வந்தது. அந்தக் கல்யாண மண்டபம். யாரோ பழைய கேசட்டைத் தேடியெடுத்துப் போட்டிருந்தார்கள். கரையான் அரித்ததுபோலப் படம். ஆனால் ஒலி நன்றாகவே இருந்தது.

மறுபடியும் டெனர் கட்சி, மறுபடியும் பாரிட்டோன் கட்சி. முழங்கால் வலியெல்லாம் மறந்துவிட்டது. "நடுப்பகுதிய கேளுங்க, நடுப்பகுதிய கேளுங்க" என்று டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போது, நான் முகம் பார்த்திராத ஒரு பையன் எங்கிருந்தோ எழுதினான்: "இவர்தான் தண்ணி போட்டுட்டுப் பாடினவரா?" பக்கத்தில் வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

அந்தப் பையன் அந்தக் கூட்டம் நடந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டான். ஜெயசீலன் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவர் பாடிய பாட்டு தெரியாது. இது ஒன்று மட்டும் அவன்வரை போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

ரேணிகுண்டாவில்

சித்தூரிலிருந்து திருப்பதி, அங்கிருந்து ரேணிகுண்டா. என் வயதுக்கு அது பெரிய பயணம். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ரயில் பாதைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. சுவரில் வேத வசனக் காலண்டர். பிள்ளைகள் படம் எதுவும் இல்லை.

ஜெயசீலன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் அறுவை ஆகியிருந்தது. "சாரா? வாங்க, வாங்க. ரூத்து, யார் வந்துகீறாங்க பாரு" என்றார். அவர் சந்தோஷப்பட்டது எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். பொத்தான், கைதட்டல், வேன், "ஆமாம்" என்ற வார்த்தை. எல்லாம்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"எவ்ளோ ஏத்துனீங்க?"

"ஒரு கட்டை."

"முழுசா ஒரு கட்டையா?"

"ஆமாம்."

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா சார்? தொண்டையில புத்துநோய் வந்துடுச்சின்னு நெனச்சேன். பெரியாஸ்பத்திரிக்குப் போயி கொழா வுட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்லன்னாங்க. ஒண்ணும் இல்லன்னா அப்புறம் ஏன் ஒடஞ்சிது? அன்னிலேர்ந்து பாடவே பயம். குளிக்கும்போதுகூட வாயத் தெறக்கல."

தண்ணீர்ச் சொம்போடு ரூத் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ அன்னிக்கி நீங்க குடிக்கலையா?"

"இத்தத்தான அன்னிக்கே சொன்னேன்" என்றார் ஜெயசீலன்.

பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொன்னார், ரூத்தை வைத்துக்கொண்டே. அந்த இசைக் கூட்டத்துக்குப் பிறகு வீட்டில் தினமும் அழுகை. சித்தூரிலிருந்து சபைப் பெண்கள் ரூத்துக்கு ஆறுதல் சொல்ல வந்துபோனார்கள். ஆறுதலைக் கேட்கக் கேட்க ரூத்துக்குச் சந்தேகம் போய் நிச்சயமே வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள், சண்டை ஓய்ந்தால் போதும் என்று, ஜெயசீலன் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார், இனிமேல் குடிக்கமாட்டேன் என்று. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர்.

அவர்கள் ரேணிகுண்டாவில் ஒரு சின்னச் சபைக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ரூத் எழுந்து சொன்னார்: என் வீட்டுக்காரரைக் குடியிலிருந்து மீட்ட ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும், அவர் சத்தியம் செய்த அந்த மாதம் வரும்போது, தவறாமல் சொன்னார்.

"நீங்கள் என்ன செய்வீர்கள், அவர் அப்படிச் சொல்லும்போது?" என்று கேட்டேன்.

"ஆமென்னு சொல்லுவேன். வேற இன்னா சொல்றது?"

ரூத் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. மிகவும் களைத்த முகம்.

"எனக்குப் புள்ள இல்ல சார். கேட்டேன், குடுக்கல. இவருக்குக் கண்ணு நல்லாவணும்னு கேட்டேன், அதுவும் ஒண்ணுதான் நல்லாச்சு. நான் கேட்டு ஆண்டவர் குடுத்தது இது ஒண்ணுதான். அத்த வருஷா வருஷம் எழுந்து சொல்லிக்கினு வந்தேன். அதுவும் இல்லன்றீங்க."

மன்னிப்புக் கேட்க எழுதிவைத்துப் பாடம் பண்ணியிருந்த வாக்கியங்கள் எதுவும் அந்த அறையில் சொல்லத் தக்கதாக இல்லை.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"மொதல்ல சித்தூர்க்காரங்களுக்குச் சொல்லுங்க" என்றார் ஜெயசீலன். "அப்புறம் இங்க எங்க சபைக்கு வாங்க. சாட்சி நேரத்துல எழுந்து சொல்லுங்க."

"வேணாங்க" என்றார் ரூத். "எல்லாரும் என்னையப் பாப்பாங்க."

"நீ எழுந்து சொன்னப்ப எல்லாரும் யாரப் பாத்தாங்க? நான் வேணாம்னு சொன்னனா?"

ரூத் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை.

ஓட்டுச் சண்டை

வாட்ஸப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பதில் எஸ்தர் டீச்சருடையது. "அப்படியா! ஒரிஜினல் சுருதியா அது? அதான் சுகுமார் அன்னைக்கு அப்படி மின்னினான்!"

டாக்டர்: "அப்படீன்னா பாரிட்டோன் தோற்றதாகக் கணக்கே இல்லை. ஓட்டு செல்லாது. மறுபடியும் போட வேண்டும்."

"எப்படி டாக்டர் செல்லாது? சுருதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?"

சாயங்காலம்வரை இதே ஓடியது. சுகுமார் பெங்களூரிலிருந்து, "அன்றைக்கே தொண்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்ததுபோல ஞாபகம்" என்று எழுதினார். நான் செய்தது சரியா தவறா என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைத் திட்டுவார்கள் என்று பயந்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இரவு சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் டீச்சர் போன் செய்தார். குரலில் அந்தக் கத்தி இல்லை.

"வேன்ல கண்ணு செவப்புன்னு மொதல்ல சொன்னது நான்தானே?"

"ஆமாம் டீச்சர்."

"நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமாம்."

"எனக்கு எண்பது வயசு ஆகுது சார். இப்ப வந்து சொல்றீங்களே." போனை வைத்துவிட்டார்.

சாட்சி நேரம்

அடுத்த மாதம் முதல் ஞாயிறு ரேணிகுண்டா போனேன். கல்நார் கூரை போட்ட நீளமான கூடம். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், எல்லோரும் பாயில். நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவு வழி. பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. ஆகவே தமிழில் யார் பேசினாலும் போதகர் ஒவ்வொரு வாக்கியமாகத் தெலுங்கில் சொல்லுவார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் சபைகளில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடுவது ஜெபத்தின்போதுதான். ரூத் ஆரம்பத்திலிருந்தே மூடியிருந்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பேசிய வாய். அன்று ஒரு வாக்கியம் பேசி, நிறுத்தி, அதையே இன்னொருவர் குரலில் கேட்க வேண்டியிருந்தது.

"நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"நேனு அபத்தம் செப்பானு" என்றார் போதகர். அவர் 'நான்' என்றே சொன்னதால், ஏதோ அவரே செய்ததுபோலத் தலை குனிந்துகொண்டார்.

இசை விஷயம் அங்கே யாருக்கும் புரியாது. ஆகவே சுருக்கினேன். இவர் பாடும்போது நான் பாட்டின் உயரத்தை ரகசியமாக மாற்றினேன். அதனால் இவர் குரல் உடைந்தது. குடித்திருந்தார் என்று ஊர் சொன்னது. அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஜெயசீலன் அன்று குடித்திருக்கவில்லை. அதற்கு முன்பும் குடித்ததில்லை."

"ஆயன தாகலேது" என்றார் போதகர்.

கூடத்தில் ஒரு சலசலப்பு. சாட்சி என்றால் முடிவில் அல்லேலூயா சொல்லிப் பழகியவர்கள். இதற்குச் சொல்வதா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்னால் ஒரு கிழவர் மட்டும் மெல்லச் சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜெயசீலன் ஆண்கள் பக்கம் சுவரோரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது ரூத் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. முக்காட்டை எடுத்துவிட்டிருந்தார்.

"நான் என் வீட்டுக்காரர நம்பல" என்றார். "அவர் சொன்னாரு. நான் நம்பல. ஊர நம்பினேன். இங்க எழுந்து எழுந்து அவர அவமானப்படுத்திக்கினு, அத்த ஆண்டவர் பேர்ல சொல்லிக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான். நின்றபடியே இருந்தார்.

அதைப் போதகர் தெலுங்கில் சொல்லவில்லை. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "ஏமண்டுந்தி? ஏமண்டுந்தி?" என்று, ரூத் சொன்னது புரியாத தெலுங்குக்காரப் பெண்கள் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை.

ஜெயசீலன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடுவழியைக் கடந்து பெண்கள் பக்கம் போனார். ஆராதனை நடக்கும்போது எங்களில் எந்த ஆணும் அந்தப் பக்கம் போவதில்லை. பெண்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள். அவர் ரூத்தின் முழங்கையைத் தொட்டு, "உக்காரு" என்றார். ரூத் உட்கார்ந்தார். அவரும் பக்கத்தில் அந்தப் பாயிலேயே உட்கார்ந்துகொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றிருந்தேன். போதகர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உக்காருங்க சார்" என்றார், மெதுவாக.

ஆண்கள் பக்கம் நெருக்கமாக இருந்தார்கள். காலியாக இருந்தது சுவரோரத்தில் ஜெயசீலன் எழுந்துபோன இடம் மட்டும்தான். அங்கே போய் உட்கார்ந்தேன்.